இருபத்திநான்கு ஜேர்சியும் அப்பாவின் புகையறையும்

வேலை விண்ணப்பப் படிவத்தில் "பொழுதுபோக்கு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உண்மையை எழுதிய ஒருவரைக்கூட நான் இன்றுவரை பார்த்ததில்லை. என் தம்பி எப்போதும் "நூல்கள் வாசித்தல்" என்று எழுதுவான். அவன் கடைசியாக வாசித்தது போனுக்குக் காசு போடுகிற ரீலோட் அட்டையின் பின்பக்கத்தை. எனவே என்னை மட்டும் பொய்க்காரி என்று நினைக்க வேண்டாம். நான் எழுதியது ஒரே ஒரு சொல். "ரக்பி."

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கித்துல்கலவில் ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போயிருந்தேன். காத்திருந்த அறையின் சுவரில் மனேஜரின் இளவயதுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. முழங்கால் வரை சேறு, கையில் முட்டை வடிவப் பந்து, சுற்றிலும் அதே சேற்றோடு ஒரு கூட்டம். என் படிவத்தில் பொழுதுபோக்குக் கட்டம் காலியாக இருந்தது. என்னை நானே பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பேனையை எடுத்துவிட்டேன்.

உள்ளே போனதும் மனேஜர் படிவத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. எந்த இடத்தில் ஆடுவாய் என்று சிங்களத்தில் கேட்டார். ரக்பியில் எத்தனை இடங்கள் உண்டென்றே எனக்குத் தெரியாது. "நடுவில்" என்றேன். அவர் அரை நிமிடம் விடாமல் சிரித்தார். நான் நகைச்சுவையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குப் பிறகு நிரந்தரம்.

எங்கள் தோட்டம் அந்த ஹோட்டலிலிருந்து நாலு மைல் மேலே இருக்கிறது. ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டப் போவார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் சாமான் விற்கிற கடையல்ல; ரப்பர் பாலை உறைய வைத்து, ஷீட்டாக உருட்டி, காய வைக்கிற இடம். அந்த ஷீட்டுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு நாலைந்து நாள் விறகுப் புகையில் காய வைக்கிற அறைக்கு அப்பாதான் முப்பது வருடமாகப் பொறுப்பு. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து நெஞ்சில் பெயர்ப் பட்டி குத்திக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். அதனால் அந்த ஆறு மாதமும் லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. (அம்மா என் சீருடைச் சட்டையை இஸ்திரி போடும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள்.)

ஐந்தாவது மாதத்தில்தான் அந்தச் செய்தி வந்தது.

அந்த வருடம் ஆசிய நாடுகளுக்கிடையே செவன்ஸ் ரக்பித் தொடர் நடந்துகொண்டிருந்தது. களத்தில் அணிக்கு ஏழு பேர் (மாற்று ஆட்களோடு பன்னிரண்டு), ஒரு பாதிக்கு ஏழு நிமிடம். ஆட்டம் முழுவதும் பதினான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் ஹோட்டலில் தேநீர் இடைவேளை அதைவிட நீளம். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆண்கள் அணி ஒன்று, பெண்கள் அணி ஒன்று. இரண்டும் சேர்ந்தே சீசன் முழுக்க ஊர் ஊராகப் போகும். ஒவ்வோர் ஊரிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிக் கடைசியில் வரிசைப்படுத்துவார்கள். வரிசையில் கடைசியாக வருகிற அணிக்கு அடுத்த வருடம் இடமில்லை.

கடைசிச் சுற்று கொழும்பில். அதற்கு முன்னால் ஒரு நாட்டின் இரண்டு அணிகளும் ஓய்வுக்கும் படகுச் சவாரிக்கும் எங்கள் ஹோட்டலில் இரண்டு இரவு தங்க வந்தன. (எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் என்னை மன்னித்துவிட்டார்களா என்பது இன்னும் தெளிவாகத் தெரியவில்லை.) மனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, இவர்களை யோகா பார்த்துக்கொள்வாள், ரக்பி தெரிந்த ஆள் அவள்தானே என்று அறிவித்தார்.

யோகா என்பது நான். முழுப்பெயர் யோகேஸ்வரி, பெயர்ப் பட்டியில் இடமில்லாததால் சுருங்கிவிட்டது. பெண்கள் அணித் தலைவி டானா என்னைவிட ஒரு சாண் உயரம், இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் பட்டியைப் படித்துவிட்டு, வகுப்பு எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். (மறுநாள் விடிந்ததும் நாலு பேர் பாயோடு வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் பழகிய உடற்பயிற்சியைச் செய்யச் சொல்லி அனுப்பிவிட்டேன். நன்றாக இருந்தது என்றார்கள்.)

வந்த அன்று மாலை மழை கொஞ்சம் விட்டபோது புல்வெளியில் பந்தோடு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். ரக்பியில் கையால் எறிகிற பந்து முன்னால் போகக் கூடாது, பின்னால்தான் போக வேண்டும். அது முதல் விதி. என் வாழ்க்கையில் நான் எறிந்த முதல் ரக்பிப் பந்து நேராக முன்னால் போய், மூங்கில் புதரைத் தாண்டி, களனி கங்கையில் விழுந்து, யட்டியாந்தோட்டை பக்கம் போய்விட்டது. இருபத்துநாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த ஹோட்டலில் என்னுடைய அறியாமை எல்லாமே நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரே ஒரு தடவைதான் எல்லோரும் என்னை நம்பினார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

இரண்டாம் நாள் மதியம் அவர்களுடைய பயிற்சியாளர் இரண்டு பெரிய பைகளோடு வரவேற்பு மேசைக்கு வந்தார். அவர்களிடம் இரண்டு வகை ஜேர்சி இருந்ததாம். நீல நிறத்தது விமானத்தில் எங்கோ தவறிவிட்டது. மிச்சம் இருப்பது வெள்ளை ஒன்றுதான், அதுவும் போன சுற்றில் போட்டு ஆடிய சேற்றோடு. மறுநாள் பத்து மணிக்கு பஸ் கொழும்புக்குக் கிளம்புகிறது, அதற்குள் துவைத்து உலர்த்தித் தர முடியுமா என்று கேட்டார்.

துவைப்பது பிரச்சினையில்லை. எங்கள் லொண்டரியின் சோமா அக்கா ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பால் போல ஆக்கிவிட்டார். ஆனால் உலர்த்தும் இயந்திரம் முந்தின நாள் இடி மின்னலில் உயிரை விட்டிருந்தது. வெளியிலோ நாலு நாளாக மழை. சோமா அக்கா ஈர ஜேர்சிகளைக் கூடையில் கொண்டுவந்து வைத்து, என் வேலை முடிந்தது, மிச்சத்தைச் சூரியனிடம் கேளுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பயிற்சியாளர் மனேஜரைப் பார்த்தார். மனேஜர் என்னைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குக் காய்ந்திருக்கும் சேர்" என்றேன்.

இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மழை வந்தால் அப்பா எங்கள் சீருடைகளை ஸ்டோருக்குக் கொண்டுபோவார். புகையறைக்கு விறகு எரிகிற அடுப்பின் பின்பக்கச் சுவர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுவரில், வெளிப்பக்கத்தில், ஒரு கம்பி கட்டித் தொங்கவிடுவார். ஒரு மணி நேரத்தில் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். வெளிப்பக்கத்தில். தொலைபேசியில் நான் அப்பாவிடம் சொல்ல மறந்தது இந்த ஒரு சொல்லைத்தான்.

"வெளிநாட்டு டீம்காரங்க உடுப்புப்பா. இருபத்தி நாலு இருக்கு. காலையில நல்லா காஞ்சிருக்கணும்."

"எவ்வளவுக்குப் புள்ள காயணும்?"

"ஈரமே இருக்கக்கூடாது. ஏனோதானோன்னு போட்டுறாதீங்க."

முப்பது வருடத்தில் அப்பா எதையும் ஏனோதானோவென்று போட்டதில்லை. அந்தச் சொல் அவரைச் சுட்டிருக்க வேண்டும். அனுப்பு என்று மட்டும் சொன்னார். மூன்று மணிக்கு ஹோட்டல் ஆட்டோவில் கூடையை ஏற்றி அனுப்பிவிட்டு நான் அணிகளோடு படகுச் சவாரிக்குப் போனேன். அன்று முழுக்க அந்த ஜேர்சிகளைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் என் தகுதிகாண் காலத்தின் கடைசி நிம்மதியான மாலை.

மறுநாள் ஒன்பதரை. பஸ் வாசலில் நிற்கிறது. முன்மண்டபத்தில் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. இரண்டு அணிகளும், பயிற்சியாளரும், எங்கள் மனேஜரும் நிற்கிறார்கள். முதலில் வந்தது வாசனைதான். என்னோடு மேசையில் இருந்த பெண் பாண் ரொட்டி கருகுகிறது என்று சமையலறைக்கு ஓடினாள். அவள் போன வழியில் அப்பா வந்தார்.

திருவிழாவுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தோளில் அம்மாவின் சேலையில் கட்டிய பெரிய மூட்டை. ஆட்டோக்காரனிடம் கொடுத்தால் கசங்கிவிடும் என்று தானே சுமந்து வந்திருக்கிறார். கண்ணாடி போல மினுங்குகிற தரையில் மூட்டையை மெதுவாக இறக்கி வைத்து, முடிச்சை அவிழ்த்தார்.

ரப்பர் ஷீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், பால் விடாத தேநீருக்கும் தேனுக்கும் நடுவில் ஒரு நிறம். புகையறையின் உள்ளே, ஷீட்டுகளுக்குப் பக்கத்திலேயே, கம்பு கம்பாகத் தொங்கவிட்டு இரவு முழுக்கப் புகை போட்டிருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களின் உடுப்பை எப்படி வெளிச்சுவரில் போடுவது, மரியாதையில்லையே என்று உள்ளே போட்டாராம்.

எல்லோர் கண்ணும் அந்த மூட்டையிலேயே நின்றது. அப்பா அந்தப் பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ஒரு ஜேர்சியை எடுத்து, ஷீட்டைத் தரம் பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கம்பு அடையாளம் விழாம ரெண்டு தரம் பொரட்டிப் போட்டேன் புள்ள" என்று என்னிடம் சொன்னார். "ஒண்ணாம் நம்பர்."

"மே மொகத?" என்றார் மனேஜர். இது என்ன என்று அவர் கேட்டது ஜேர்சியைத்தான். அப்பா உடனே சிங்களத்துக்கு மாறினார். "ஹொந்தட்ட வேலுனா மாத்தையா." நன்றாகக் காய்ந்துவிட்டது ஐயா என்று அறிக்கை கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

மனேஜர் என் பக்கம் திரும்பி, யார் இந்த மனிதர் என்று கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து விநாடி இருக்கும். நெஞ்சில் குத்தியிருந்த பட்டியும், மிச்சமிருந்த ஒரு மாதமும், கண்ணாடித் தரையில் அப்பாவின் செருப்புத் தடமும்தான் என் கண்ணில் பட்டன. அப்பா என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மனேஜரிடம், நான் தோட்டத்து ஸ்டோர் ஆள் மாத்தையா, இந்த மிஸ் சொன்னதால் காய வைத்தேன் என்றார். இந்த மிஸ்.

அப்பா என்னை மிஸ் என்று சொன்னதும் எனக்கு எங்கே இருந்து குரல் வந்ததோ தெரியாது. "இவர் எங்கப்பா சேர். தப்பு இவரோடது இல்லை, என்னோடது" என்றேன். சிங்களத்தில் சொன்னேனா தமிழில் சொன்னேனா என்று நினைவில்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

டானா குனிந்து ஏழாம் நம்பர் ஜேர்சியை எடுத்தாள். அது அவளுடையது. முகர்ந்தாள், கண்ணில் நீர் வந்தது. கையால் தடவிப் பார்த்தாள். பிறகு பயிற்சியாளரைப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்றாள். அதை மறுக்க அங்கே ஒருவராலும் முடியவில்லை.

மனேஜர் எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். பஸ்ஸில் ஏறு, கொழும்புக்குப் போ, அங்கே இருப்பவர்களுக்கு இதை நீயே விளக்கு.

அது குளிரூட்டிய பஸ். ஜன்னல்கள் திறக்க முடியாதவை. இருபத்துநாலு ஜேர்சியின் புகையும் குளிர்காற்றோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. அவிசாவளை தாண்டுவதற்குள் சாரதி மூன்று தடவை பஸ்ஸை ஓரங்கட்டி இறங்கிப்போய் எஞ்சினைத் திறந்து பார்த்தார். விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது தடவை டானாவே என்னை முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டாள். போய்ச் சொன்னேன். சாரதி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நங்கி (தங்கச்சி), பஸ் தீப்பிடிக்கப் போகிறது என்றே நினைத்தேன், எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

கொழும்பு ஹோட்டலில் குளியல் தொட்டியில் போட்டு, அறைகளில் வைத்திருந்த ஷாம்பூ முழுவதையும் ஊற்றி, மூன்று தடவை அலசினோம். நிறம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. வாசனை மட்டும் மாறியது. தலை முழுகிவிட்டுச் சாம்பிராணி போட்ட வீடு மாதிரி ஒரு மணம். ஆண்கள் அணியில் இரண்டு பேருக்கு அது பிடித்தும் போய்விட்டது.

மறுநாள் காலை மைதானத்தில் விசாரணை. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மையார், கையில் பட்டியல். உங்கள் அணிகளின் நிறம் வெள்ளை என்று பதிந்திருக்கிறது, இது வெள்ளையா என்று கேட்டார். வெள்ளைதான் மேடம், கொஞ்சம் புகை பட்டிருக்கிறது என்றேன். எங்கேயாவது தீ விபத்தா என்று பதறினார். இல்லை மேடம், எங்கப்பா என்றேன். அதற்கு மேல் அவர் அந்த வழியில் கேள்வி கேட்கவில்லை. ஆனால் சிக்கல் பெரிதாக இருந்தது. பெண்கள் அணியின் முதல் எதிரணிக்கு மஞ்சள் ஜேர்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே துணியில் வெட்டிய மாதிரி இருந்தது. இப்படி இறங்க முடியாது, வேறு ஜேர்சி இல்லையென்றால் ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுக்க வேண்டிவரும் என்றார்.

வரிசையில் டானாவின் அணி அப்போது கடைசி இடம். ஆடாமல் ஓர் ஆட்டத்தைக் கொடுத்தால் அந்தச் சுற்றின் புள்ளி முழுவதும் போய்விடும், அடுத்த வருடம் தொடர் இல்லை. பயிற்சியாளர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். என் வேலை போனால் போகட்டும். பன்னிரண்டு பெண்கள் ஒரு சீசன் முழுக்க விழுந்து எழுந்து ஓடியது என்னுடைய ஒரு போன் பேச்சில் போய்விடுமே.

டானா யாரிடமும் எதுவும் சொல்லாமல் எதிரணியின் அறைக்குப் போனாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர்களுடைய தலைவி குட்டையாக, பாறை மாதிரி இருந்தாள். டானா அவள் கையில் ஜேர்சியைக் கொடுத்து, இவளே சொல்லட்டும் என்று என்னைக் காட்டினாள். நான் சொன்னேன். மழை, இயந்திரம், ஸ்டோர், ஏனோதானோ, கம்பு அடையாளம் எல்லாவற்றையும் என் ஹோட்டல் ஆங்கிலத்தில் சொன்னேன். முடிக்கும்போது அந்த அறையில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைவி தன் பெட்டியைத் திறந்து அவர்களுடைய பச்சை ஜேர்சிகளை எடுத்து வெளியே போட்டாள். நாங்கள் மாற்றிக்கொள்கிறோம், ஆனால் அதற்காக உங்களை விட்டுவிட மாட்டோம் என்றாள். விடவும் இல்லை. அந்த ஆட்டத்தில் டானாவின் அணி தோற்றுப் போனது.

ஆனால் ஆட முடிந்ததே. கொழும்பு வெயிலில் வியர்வை பட்டதும் அப்பாவின் புகை மறுபடி உயிர்பெற்றது. மூன்று பேரும் மூன்று பேரும் தோளோடு தோள் சேர்த்து முட்டித் தள்ளுகிற கட்டம் ஒன்று உண்டு. அதில் எதிரணிக்காரர்கள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே தள்ளினார்கள். காவலாளி ஒருவர் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய் என்ன கருகுகிறது என்று விசாரித்தார். கொத்து ரொட்டிக்காரர் ரொம்பக் கோபப்பட்டார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில், அருகில் குப்பை எரிப்பவர்கள் உடனே அணைக்கவும் என்று மூன்று மொழியிலும் அறிவித்தார்கள். அந்த மைதானத்தில் அன்று தமிழில் கேட்ட ஒரே அறிவிப்பு அதுதான். அதுவும் எங்கப்பாவைப் பற்றி.

பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிலத்தில் வைத்தால் அதற்கு "ட்ரை" என்று பெயர். ஐந்து புள்ளி. இரண்டு நாளிலும் ஆண்கள் அணி போட்டது இரண்டு ட்ரை. எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். அதற்கும் ஜேர்சிக்கும் சம்பந்தமில்லை என்று பயிற்சியாளரே பெருந்தன்மையாகச் சொன்னார். பெண்கள் ஒன்பது போட்டார்கள். ஒன்பதாவது, கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் டானா போட்டது. நடுக்கோட்டிலிருந்து ஓடினாள். ஒருத்தி அவள் ஜேர்சியைப் பின்னாலிருந்து பிடித்தாள், பிடி நழுவியது. விழுந்த இடத்தில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். அந்த ஐந்து புள்ளியில் அந்த ஆட்டத்தை வென்று, அவர்கள் கடைசி இடத்திலிருந்து ஒரு படி மேலே வந்தார்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர் என்னை அந்த நாட்டுக்காரி என்றே நினைத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் மனேஜர் கூப்பிட்டார். வேலை நிரந்தரம் என்றார். ஆனால் வரவேற்பு மேசையில் இல்லை, சோமா அக்காவிடம் போ, துணி எப்படிக் காய்கிறது என்று முதலில் படித்துக்கொள் என்றார். இன்றைக்கு ஒன்பது வருடம். சோமா அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். அந்த லொண்டரிக்கு இப்போது நான்தான் பொறுப்பு. மழை வந்தால் புது ஆட்கள் என் முகத்தைப் பார்க்கவே பயப்படுகிறார்கள்.

டானா போகும்போது ஏழாம் நம்பர் ஜேர்சியை அப்பாவுக்கென்று கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டோருக்குப் போனார், போன வருடம் வேலையை விடும் வரைக்கும். வேலைக்குப் போகும் முன்பே புகை மணக்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்று அம்மா சொல்வார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சோஃபாவில் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஜேர்சியை எடுத்துவந்து மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு கணக்குச் சொன்னார்.

"அந்தப் புள்ளைங்களும் பையனுங்களும் சேர்ந்து ரெண்டு நாள்ல போட்டது பதினோரு ட்ரைங்க. நான் ஒருத்தன், ஒரே நாள்ல, இருபத்தி நாலு ட்ரை."

யாராவது சிரிக்காவிட்டால் ஆட்டத்து ட்ரைக்கும் காய வைக்கிற ட்ரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புகையறையில் விறகு அடுக்குவதிலிருந்து தொடங்கி விளக்குவார். அன்று மாப்பிள்ளை வீட்டார் முழு விளக்கத்தையும் கேட்டார்கள். இப்போது அவர்களும் எங்களைப் போல முதல் தடவையே சிரித்துவிடுகிறார்கள்.